யாரும் கேட்காத விளம்பரம்

மேலிருந்து பார்த்த மன்ஹாட்டன் தீவு. இரட்டைக் கோபுரங்கள் இன்னும் நிற்கின்றன. இரண்டு விமானங்கள் அல்ல, பத்துக்கணக்கான விமானங்கள் நகரத்தை நோக்கிப் பாய்ந்து வருகின்றன. 2001 செப்டம்பர் 11 அன்று இறந்தவர்களைவிட 100 மடங்கு பேரை சுனாமி கொன்றது, ஆகவே பூமியை மதியுங்கள் என்கிறது ஓரத்தில் உள்ள வாசகம். பக்கத்திலேயே உலக இயற்கை நிதியத்தின் பாண்டா முத்திரை.

டிடிபி பிரேசில் என்ற முகமை செய்த இந்த விளம்பரத்துக்கு 2009இல் நியூயார்க்கின் ஒன் ஷோ போட்டியில் தகுதிச் சான்று கிடைத்தது. இணையத்தில் பரவியதும் உலகமே கொதித்தது, சான்று பறிக்கப்பட்டது. முகமையும் நிதியத்தின் பிரேசில் கிளையும் வருத்தம் தெரிவித்து ஓர் அறிக்கை விட்டன. உள்ளூர்ச் சிறு பத்திரிகை ஒன்றில் ஒரே ஒருமுறை வந்த விளம்பரம் அது. இரு தரப்பிலும் சிலருக்கு அனுபவம் போதாததால் நேர்ந்த பிழை என்றது அறிக்கை.

அனுபவம் போதவில்லை. விளம்பரத் துறையில் பழி கீழே இறங்கும்போது கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான்.

இந்தச் சாக்கை அப்படியே ஏற்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. முதலில் கணக்கைப் பார்க்கலாம். செப்டம்பர் 11 தாக்குதலில் பலியானவர்கள் 2,977 பேர். 2004 சுனாமியில் இறந்தவர்கள் ஏறத்தாழ 2,30,000 பேர். வகுத்தால் 77 வருகிறது. ‘நூறு மடங்கு’ என்பது காதுக்கு எடுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. அந்த சுனாமிக்குக் காரணம் சுமத்ரா அருகே கடலடியில் நேர்ந்த நிலநடுக்கம். காட்டைக் காத்தாலும் காற்றைக் காத்தாலும் அது நிற்கப்போவதில்லை. இயற்கைப் பாதுகாப்புக்கான விளம்பரம், இயற்கைப் பாதுகாப்போடு தொடர்பே இல்லாத சாவுகளை எடுத்துக்கொண்டது. அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் பிள்ளைகளைப் புதைத்தவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிரேசிலில் அவர்கள் ஒரு பெருக்கல் கணக்கு.

இத்தனைக்கும் உண்மையான செய்தி கைக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தது. பிச்சாவரம் பக்கம் அலையாத்திக் காடுகளுக்குப் பின்னால் இருந்த குப்பங்களில் சேதம் குறைவு என்று அப்போதே பேசப்பட்டது. காட்டைக் காப்பதற்கும் உயிரைக் காப்பதற்கும் தொடர்பு தேடும் எழுத்தாளன் அங்கேதான் போயிருப்பான். போவதற்கு நாள் பிடிக்கும். விமானங்களை வரைய ஒரு பிற்பகல் போதும்.

இளம் காப்பி ரைட்டர்கள் ஏன் சமூக நோக்கங்களைத் தேடிப் போகிறார்கள்? நல்ல மனம் ஒரு காரணம். அதைக் குறைத்துச் சொல்வது நியாயம் அல்ல. இன்னொரு காரணம், சோப்புக் கம்பெனி கிளையன்ட் ஆறு தடவை திருத்தச் சொல்வார், இலவசமாகச் செய்து வாங்கும் தொண்டு நிறுவனம் அவ்வளவு கேட்காது. போர்ட்ஃபோலியோ இல்லாமல் வேலை இல்லை, வேலை இல்லாமல் போர்ட்ஃபோலியோ இல்லை என்ற சிக்கலில் மாட்டியவருக்கு, கேள்வி கேட்காத கிளையன்ட் பெரிய வரம். துறையே அந்தப் பக்கம் கை காட்டுகிறது. பிரான்சின் கான் விளம்பரத் திருவிழாவின் யங் லயன்ஸ் போட்டியில் 30 வயதுக்கு உட்பட்ட இருவர் அணியாகச் சேர்ந்து, பெரும்பாலான பிரிவுகளில் 24 மணி நேரத்தில் விளம்பரம் செய்து காட்டவேண்டும். என்ன செய்யவேண்டும் என்ற பிரீஃப் பெரும்பாலும் ஒரு தொண்டு நிறுவனத்திடமிருந்து வரும். இதில் தப்பில்லை. போட்டி என்று சொல்லித்தான் நடக்கிறது.

சிக்கல், போட்டிக்குச் செய்ததை உலகத்தில் நடந்ததாகக் காட்டும்போது தொடங்குகிறது. அகதிகளின் படகுகளைத் தேட ‘ஐ ஸீ’ என்ற செயலியை 2016இல் கிரே சிங்கப்பூர் முகமை வெளியிட்டது. மத்தியதரைக் கடலின் நேரடிச் செயற்கைக்கோள் படத்தைத் துண்டுதுண்டாகப் பிரித்து ஆளுக்கொரு துண்டு கொடுக்கும். தத்தளிக்கும் படகைக் கண்டால் தட்டினால் போதும், மால்டாவில் உள்ள மோவாஸ் என்ற மீட்பு அமைப்புக்குத் தகவல் போய்விடும் என்றார்கள். கான் விளம்பரத் திருவிழாவில் வெண்கலச் சிங்கம் விருது கிடைத்தது. மென்பொருள் தெரிந்தவர்கள் பிரித்துப் பார்த்தபோது, எல்லோருக்கும் காட்டியது ஒரே நிழற்படம் என்று தெரிந்தது. கடல் அசையவே இல்லை. ஆப்பிள் செயலியை நீக்கியது, மோவாஸ் கைகழுவியது. செயலி இன்னும் சோதனையில்தான் இருந்தது என்று வாதாடிய முகமை, கடைசியில் சிங்கத்தைத் திருப்பிக் கொடுத்தது.

‘பொய்யானாலும் விழிப்புணர்வு வந்ததே’ என்ற வாதம் இங்கே நொறுங்குகிறது. அந்த ஆண்டு மத்தியதரைக் கடலில் 5,000க்கும் மேற்பட்டோர் மூழ்கினார்கள். செயலியை இறக்கிக்கொண்டு ராத்திரி விழித்துக் கடலைப் பார்த்த மனிதர், தான் காவல் காத்ததாக நம்பித் தூங்கப் போயிருப்பார். அவரிடமிருந்து திருடியது பணத்தை அல்ல, அக்கறையை. அடுத்த முறை நிஜமான செயலி வந்தால் அவர் திறந்துகூடப் பார்க்கமாட்டார்.

சமூக நோக்கம் இல்லாத இடத்திலும் இதே நோய் உண்டு. மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஃபிகோ காரின் டிக்கி எவ்வளவு பெரியது என்று காட்ட, கைகால் கட்டப்பட்ட பெண்களை அதில் அடைத்த சித்திரம் 2013 மார்ச்சில் வெளியே வந்தது. 2012 டெல்லிக் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு நாடாளுமன்றம் பாலியல் குற்றச் சட்டத்தைத் திருத்திக்கொண்டிருந்த வாரம் அது! பணம் கொடுத்து வெளியிடுவதற்காகச் செய்ததல்ல என்று ஜேடபிள்யூடி இந்தியா விளக்கியது. அந்த முறை மூத்தவர்களும் வேலையை விட்டுப் போக நேர்ந்தது. அது நியாயமே. போட்டிப் படிவத்தை நிரப்புவதும் கட்டணம் கட்டுவதும் புதிதாகச் சேர்ந்த பையன் அல்ல.

நோக்கத்துக்கு எழுதுவதே வீண் என்று சொல்லவரவில்லை. 1995இல் தொடங்கிய போலியோ சொட்டு மருந்து முகாம்களுக்காக எத்தனையோ பேர் எழுதினார்கள், வரைந்தார்கள். அந்த வரிகளை எடைபோட்ட நடுவர், ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளையை இடுப்பில் தூக்கி வந்த தாய். தீர்ப்பு அந்தக் குழந்தையின் இடது சுண்டு விரலில் மையாகத் தெரிந்தது. 2014இல் இந்தியா போலியோ இல்லாத நாடென்று சான்று பெற்றது.

ஆகவே குற்றத்தில் பெரும்பங்கு மேலே இருப்பவர்களுடையது. ஆனால் புதியவர் கையில் ஒரு சிறு வேலை எப்போதும் இருக்கிறது. வெளிவராத விளம்பரத்தின் அடியில் ‘பயிற்சிக்காகச் செய்தது, வெளியாகவில்லை’ என்று ஒரு வரி எழுதலாம். திறமை அதனால் குறையாது. நேர்காணலில் கோப்பைப் புரட்டும் பெரியவர்கள் ‘இது எங்கே வந்தது?’ என்று கேட்கவேண்டும். வரவில்லை என்று உண்மை சொன்னவரை அதற்காகத் தள்ளிவிடக் கூடாது.

சுனாமி விளம்பரத்துக்குப் பிறகு ஒன் ஷோ புது விதி எழுதியது. இல்லாத கிளையன்டுக்கோ, கிளையன்ட் ஒப்புதல் இல்லாமலோ செய்த விளம்பரத்தை அனுப்பினால் முகமைக்கு 5 ஆண்டுத் தடை. அதில் பெயர் போட்டுக்கொண்ட குழுவினருக்கும் அதே 5 ஆண்டு.