கண்காணிப்பும் ஓர் அமானிதமே



பழவேற்காட்டு ஏரிக்கரையில் மஃரிபுத் தொழுகைக்குப் பின் ஒரு சுற்று நடந்து பாருங்கள். திண்ணையில் உம்மா பனையோலைக் கூடை முடைந்து கொண்டிருப்பார். அருகில் பதினோரு வயதுப் பிள்ளை செல்போன் வெளிச்சத்தில் முகம் புதைத்து உட்கார்ந்திருக்கும். சத்தமில்லை, சண்டையில்லை. "தெருவில் சுற்றாமல் வீட்டோடு கிடக்கிறதே" என்று தாய்க்கு நிம்மதி. ஆனால் அந்தப் பிள்ளை மெய்யாகவே வீட்டில்தான் இருக்கிறதா? உடல் திண்ணையில் இருக்கிறது. உள்ளம் எந்தத் தெருவில், எவரோடு உலவுகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இந்தக் கருவி நம் பிள்ளைகளின் கைக்கு எப்படி வந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனா நோயால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பாடங்கள் செல்போன் வழியே வந்தன. அன்றாடப் பாட்டுக்கே தொல்லைப்படும் குடும்பங்களும் கடன்பட்டேனும் ஒரு போன் வாங்கின. நோய் தணிந்தது, பள்ளிகள் திறந்தன. ஆனால் பிள்ளையின் கைக்குப் போன போன் திரும்பி நம் கைக்கு வரவில்லை. தேவைக்காகத் திறந்த கதவை, தேவை தீர்ந்த பின் சாத்துவதற்கு நாம் மறந்து போனோம்.

செல்போனே ஹராம் என்று சொல்ல நாம் வரவில்லை. புயல் எச்சரிக்கை அதில் வருகிறது. மீன் விலை அதில் தெரிகிறது. வளைகுடாவில் உழைக்கும் மகனின் குரல் அதில் கேட்கிறது. திருமறை ஓதக் கற்பதற்கும் அது உதவுகிறது. கத்தி பழமும் நறுக்கும், கையையும் நறுக்கும். குழந்தையிடம் கத்தியைக் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போகிறவர் யார்?

நம் ஏரியிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. இங்குள்ள மீனவ ஊர்களில் தலைமுறை தலைமுறையாய்ப் 'பாடு' என்றொரு முறை வழங்கி வருகிறது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதை ஊர் கூடி முறை வைக்கிறது. நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. அந்த ஒழுங்கு மீனவனுக்குப் பகையன்று. அவன் பிழைப்பைக் காக்கும் வேலி. தண்ணீருக்கே இடமும் நேரமும் முறையும் வேண்டுமென்றால், கரையே தெரியாத இணையக் கடலில் இறங்கும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எந்த முறையும் வேண்டாமா?

நீங்கள் ஒவ்வொருவரும் மேய்ப்பாளர், உங்கள் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை புகாரி, முஸ்லிம் இரண்டிலும் காண்கிறோம். வாப்பாவும் அதில் அடக்கம், உம்மாவும் அடக்கம். நம்மையும் நம் குடும்பத்தாரையும் நரக நெருப்பிலிருந்து காத்துக்கொள்ளும்படி சூரத்துத் தஹ்ரீமின் ஆறாவது வசனம் கட்டளையிடுகிறது. எனவே பிள்ளையின் செல்போனைக் கவனிப்பது நம் விருப்பத்தைப் பொறுத்ததன்று. அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

இங்கே ஒரு கேள்வி எழும். "பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராயாதீர்கள் என்று சூரத்துல் ஹுஜுராத்தின் பன்னிரண்டாம் வசனம் தடுக்கிறதே! பிள்ளை தூங்கும்போது போனை எடுத்துப் பார்ப்பது அந்தக் குற்றத்தில் சேராதா?" நல்ல கேள்வி. மேய்ப்பவன் மறைந்து நின்று ஆட்டைப் பிடிப்பதில்லை. எதிரே நின்று காக்கிறான். கண்காணிப்பு வெளிப்படையாக இருக்கட்டும். "மகனே, நீ பாலிகாகும் வரை இந்தப் போன் உன்னுடையதன்று, வீட்டினுடையது. வாரம் ஒருமுறை உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பார்ப்போம்" என்று கொடுக்கும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். "பார்க்க மாட்டேன்" என்று வாக்களித்துவிட்டுத் திருட்டுத்தனமாகப் பார்ப்பது பொய்.

பிள்ளையிடம் சொல்லும் பொய் சின்னப் பொய் என்று எண்ண வேண்டாம். ஒரு தாய், "வா, ஒன்று தருகிறேன்" என்று தம் சிறு மகனை அழைத்தார். என்ன தரப் போகிறீர் என்று அண்ணலார் (ஸல்) கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் அவர். ஒன்றும் கொடுக்காமல் விட்டிருந்தால் உம்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்று நாயகம் (ஸல்) எச்சரித்தார்கள். இது அபூதாவூதில் உள்ள செய்தி. இன்று நம் வீடுகளில் நடப்பது என்ன? இன்ஸ்டாகிராமில் சேர வயது 13 ஆகியிருக்க வேண்டும். பிள்ளைக்காகப் பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டுக் கொடுப்பவர் பல வீடுகளில் பெற்றவரேதான்! அந்தப் பொய்யைக் கற்றுக் கொடுத்த பிறகு, "எங்களிடம் ஒளிக்காதே" என்று எந்த வாயால் சொல்வது?

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடவும் முடியாது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக்குக்குத் தடை விதித்தது. அம்மாதமே அத்தடை நீங்கியது. 2020 ஜூனில் மத்திய அரசு அதை நாடெங்கும் தடை செய்தது. அதே போன்ற குறும்படங்கள் வேறு பெயர்களில் அதே செல்போனில் வந்து நிற்கின்றன. அரசு ஒரு வாசலை அடைக்கலாம். வீட்டு வாசலில் நிற்க வேண்டியவர் நாம்தான்.

ஆபத்து எப்படி வருகிறது? அது பேயுருவில் வருவதில்லை, நண்பனாக வருகிறது. விளையாட்டில் கூட ஆடும் ஒருவன், "நானும் ஏழாம் வகுப்புத்தான்" என்பான். பாராட்டுவான், விளையாட்டுப் பரிசு அனுப்புவான். பிறகு ஒரு புகைப்படம் கேட்பான். "வீட்டில் சொல்லாதே" என்பான். படம் போன மறுகணம் நட்பு மிரட்டலாக மாறும். இதில் உயிர்நாடியான சொல், 'வீட்டில் சொல்லாதே' என்பது. பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டால் அவன் வலை அறுந்து போகும். வாப்பா அடிப்பார், உம்மா ஊரைக் கூட்டுவார் என்று பிள்ளை பயந்தால், அந்தப் பயமே அவனுக்குத் துணை.

ஹஸ்ரத் யூசுஃப் (அலை) அவர்களின் சரிதையை நினைத்துப் பாருங்கள். கனவு கண்ட சிறுவர் முதலில் யாரிடம் ஓடினார்? தம் தந்தையிடம்! யஃகூப் (அலை) அவர்கள் அதட்டவில்லை, கேட்டார்கள். "என் அருமை மகனே" என்றழைத்து, எவரிடம் சொல்லக் கூடாது, ஏன் என்பதையும் விளக்கினார்கள். நம் பிள்ளை கலங்கும்போது முதலில் நம்மிடம் ஓடி வருமா? இதற்கு நாம் சொல்லும் பதில்தான் நம் கண்காணிப்புக்கு மதிப்பெண்.

ஹஜ்ஜின்போது நாயகம் (ஸல்) அவர்களின் வாகனத்தில் பின்னால் அமர்ந்திருந்த இளைஞர் ஃபள்லு (ரலி) ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அண்ணலார் அவர் முகத்தைத் தம் கையால் மறுபக்கம் திருப்பி விட்டார்கள். கூட்டத்தில் வைத்து அவமானப்படுத்தவில்லை. கண்டும் காணாமல் விட்டுவிடவும் இல்லை. பிள்ளையின் போனில் தகாததைக் கண்டால் நாமும் அந்த அளவோடு நடக்க வேண்டும். உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் அதைப் பரப்புவது பிள்ளையின் மானத்தை நாமே விற்பதாகும்.

செய்ய வேண்டியவை சில உண்டு. பத்து வயதில் பிள்ளைகளின் படுக்கைகளைப் பிரிக்கச் சொன்ன மார்க்கம் நம் மார்க்கம். போனுக்கும் இரவில் பிள்ளையின் படுக்கையில் இடமில்லை. இஷாவுக்குப் பின் வீட்டுப் போன்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். வாப்பாவின் போனும் சேர்ந்தே இருக்கட்டும். கூகுளின் ஃபேமிலி லிங்க் போன்ற வசதியால் நேரத்தை அளக்கலாம், புதிய செயலிகளுக்கு அனுமதி கேட்க வைக்கலாம். அறிமுகமற்றவரோடு பேச்சில்லை, படமில்லை என்பதைத் தொழுகையின் ஒழுங்கைப் போல் பலமுறை சொல்லிப் பழக்குங்கள். எழுதப் படிக்கத் தெரியாத உம்மா, "எனக்கும் காட்டு" என்று பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தாலே பாதிக் காவல்.

மிரட்டல் வந்தால் பணம் கொடுக்காதீர்கள், செய்தியை அழிக்காதீர்கள். குழந்தைகள் உதவிக்கு 1098, இணையக் குற்றங்களுக்கு 1930 என்ற எண்கள் உள்ளன. 2012-ன் போக்சோ சட்டம் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடக் கூடாதென்று தடுக்கிறது. எனவே மானத்துக்கு அஞ்சி மறைக்க வேண்டாம்.

இறுதியாக ஒன்று. நம் கண் என்றும் பிள்ளையோடு இராது. பாறைக்குள் மறைந்த கடுகளவு செயலையும் அல்லாஹ் வெளிக்கொணர்வான் என்று லுக்மான் (அலை) தம் மகனுக்குச் சொன்னதை நம் பிள்ளையின் நெஞ்சில் பதிய வைப்போம். உறங்காத அந்தப் பார்வையின் நினைவு ஊன்றிவிட்டால், நாம் இல்லாத இடத்திலும் பிள்ளை தன்னைத் தானே காத்துக்கொள்ளும்.

வல்ல நாயன் நம் பிள்ளைகளைக் கண் குளிர்ச்சியாக ஆக்கி வைப்பானாக! நம் அமானிதத்தில் நாம் தவறாமல் காப்பானாக! ஆமீன்.