உடைந்த துண்டும் கிடைத்த இடமும்

இங்கிலாந்தின் உழுத வயல்களில் உலோகங்காண் கருவியோடு தேடுவோருக்குக் கிடைக்கும் பழம்பொருள்களுள் பல, உடைந்து தேய்ந்த செப்புக்கலவைத் துண்டுகளே. கட்டைவிரல் நகமளவான ஒரு துண்டின் முகப்பில் விலங்குருவங்கள் பின்னிய செதுக்குவேலையும், அதன் பள்ளங்களில் மட்டும் தேயாது எஞ்சிய பொன்முலாமும், பின்புறத்தில் ஊசியைப் பொருத்திய காதும் காணப்பட்டால், அது ஆறாம் நூற்றாண்டளவில் ஆங்கிலோ-சாக்சன் பெண்ணொருத்தி மேலாடையைப் பிணைக்க அணிந்த ப்ரூச்சின் பகுதி என்று துறையறிந்தவர் கண்டுகொள்வர். 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டம் பழமையான பொன், வெள்ளிப் பொருள்களையும் வேறு சில வகைகளையும் அறிவிக்கக் கட்டாயப்படுத்துகிறதேயன்றி, இத்தகைய தனித் துண்டைப் பற்றிப் பொதுவாக எதுவும் கேட்பதில்லை. நிலவுடைமையாளர் இசைந்தால் எடுத்தவர் அதை விற்றுவிடவும் தடையில்லை. பொருள் ஒருவருக்கு உரியதாகிவிட்டால், அது கிடைத்த இடம் பற்றிய அறிவும் அவருக்கு மட்டுமே உரியதாகிவிடுமா என்பதே இங்கு எழும் அறக்கேள்வி.

1997இல் தொடங்கப்பட்ட கையடக்கத் தொல்பொருள் திட்டம் இந்த இடைவெளியை மனமுவந்த பதிவால் நிரப்ப முயல்கிறது. அதன் அலுவலர்கள் துண்டை அளந்து, எடையிட்டு, அளவுகோலுடன் படமெடுத்து, கிடைத்த இடத்தை வரைபடக் கட்டக் குறியீட்டால் குறித்தபின் பொருளைத் திருப்பித் தந்துவிடுகின்றனர். அத்தகைய ப்ரூச்சுகள் பெரும்பாலும் இறந்தவரோடு புதைக்கப்பட்டவை. ஒரே வயலில் பல துண்டுகள் பதிவாகும்போது யாரும் அறியாத இடுகாடு ஒன்று வெளிப்படக்கூடும். இடம் தெரியாமல் விற்பனைக்குச் சென்ற துண்டோ அழகாக இருக்கலாம், ஆனால் அந்த இடுகாட்டைப் பற்றி எதுவும் சொல்லாது.

பதிவு செய்வதே சந்தையில் பொருளின் விலையை உயர்த்தித் தோண்டுதலுக்கு மதிப்புத் தேடித் தருகிறது என்னும் மறுப்பை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இடத்தைத் துல்லியமாக வெளியிட்டால் இரவில் திருட்டுத்தனமாகத் தோண்டுவோருக்கு அதுவே வழிகாட்டும் என்பதாலேயே பொதுமக்கள் காணும் பதிவில் அது தோராயமாக்கப்படுகிறது. ஆயினும் பதிய மறுப்பதால் தோண்டுதல் நிற்பதில்லை, செய்தி மட்டுமே அழிகிறது. ஆகவே பதிவதே தக்கது, ஆனால் உரிமையாளரின் இசைவைக் கேட்டறிந்தும், உழுமண்ணுக்குக் கீழே தோண்டலாகாது என்று எடுத்துரைத்தும் பதிய வேண்டும்.

2010இல் கும்பிரியாவின் கிராஸ்பி காரட்டில் துண்டுகளாகக் கிடைத்த ரோமானிய வெண்கலத் தலைக்கவசம், தனிப் பொருளாதலால் சட்டத்துள் அடங்காமல், ஆய்வாளர் முழுமையாக ஆராயுமுன்பே செப்பனிடப்பட்டு, ஏலத்தில் ஏறத்தாழ 23 லட்சம் பவுண்டுக்குத் தனியாரிடம் சென்றது. 2023இல் சட்டம் விரிந்து, இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட தனிச்சிறப்புடைய உலோகப் பொருள்களையும் உள்ளடக்கிக்கொண்டது. நகமளவுத் துண்டுகளுள் மிகப் பல அச்சிறப்பை எட்டாதவையாதலால், அவை கிடைத்த இடத்தைச் சொல்லும் கடமை இன்றும் எடுத்தவரின் மனச்சான்றிடமே விடப்பட்டிருக்கிறது.