துணை இழந்தபின் வாழ்தல்

நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் இன்பதுன்பங்களைப் பகிர்ந்து வாழ்ந்த இருவரில் ஒருவர் மறைந்தபின், எஞ்சியவர் சில மாதங்களுக்குள் முதியோர் குடியிருப்பு ஒன்றில் சேர்ந்து, காலையில் நடைப்பயிற்சியும் மாலையில் பஜனையும் இடையிடையே சிரிப்புமாக நாளைக் கழிக்கத் தொடங்கினால், ஊரார் வாயில் முதலில் வருவது "அதற்குள் மறந்துவிட்டாரே" என்னும் சொல்தான். இந்தக் குற்றச்சாட்டில் நியாயம் உண்டா, அன்றி இது நம் சமூகத்தின் பழைய கொடுமையொன்றின் எச்சமா என்பது ஆராயத்தக்கது. அதற்கு இராமநாதபுரச் சீமையைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

கிழவன் சேதுபதி என்று பெயர் பெற்ற இரகுநாத சேதுபதி 1710-இல் காலமானபோது, அவருடைய மனைவியர் 47 பேர் அவரோடு உடன்கட்டை ஏறினர் என்ற செய்தி, அக்காலத்து ஏசு சபைப் பாதிரியார் ஒருவரின் கடிதத்தின் வழியே ஐரோப்பா வரை சென்றது. கணவனுடைய ஆயுள் முடிந்தால் மனைவியின் ஆயுளும் முடிந்தது என்னும் கொள்கைக்கு இதைவிடக் கோரமான சாட்சியம் வேண்டியதில்லை. இதற்குச் சரியாக 62 ஆண்டுகள் கழித்து, 1772-இல், அதே சேதுபதி மரபில் செல்லமுத்து விஜயரகுநாத சேதுபதியின் மகளாகப் பிறந்து சிவகங்கைக்கு மணமாகிச் சென்ற வேலு நாச்சியார், காளையார்கோவில் போரில் தம் கணவர் முத்துவடுகநாதர் வீழ்ந்த செய்தியைக் கேட்டபின், சிதையை நாடாமல், மகள் வெள்ளச்சியை உடன் அழைத்துக்கொண்டு திண்டுக்கல் பக்கத்து விருப்பாச்சிக்குச் சென்று, அங்கே எட்டு ஆண்டுகள் காத்திருந்து, ஹைதர் அலியின் துணையைப் பெற்று, 1780-இல் சீமையை மீட்டுத் தாமே ஆண்டார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ ஐம்பது. அவரைப் பார்த்துக் கணவரை மறந்தவர் என்று சொல்ல எவருக்கும் நா எழாது. அந்த எட்டு ஆண்டுகளின் முயற்சி முழுவதையும் நடத்தியது கணவரைப் பற்றிய நினைவேயாம். செயலில் இறங்குவது மறதியின் அடையாளம் என்னும் வாதம் இங்கேயே தளர்ந்துபோகிறது.

ஆயினும் அரசியின் சரித்திரத்தை எல்லாருக்கும் அளவுகோலாக வைப்பது அறிவுடைமை ஆகாது. அவருக்குப் படையும் பிரதானியும் இருந்தனர். சாதாரண மனிதருக்கு வழிகாட்டுவன சம்பிரதாயங்களே. அந்தச் சம்பிரதாயங்கள் துக்கத்தை விதித்திருப்பதை நாம் எளிதில் நினைவுகூர்கிறோம். அவை துக்கத்துக்கு எல்லையும் விதித்திருப்பதை ஏனோ மறந்துவிடுகிறோம். பத்தாம் நாள், பதினாறாம் நாள் கருமாதி, ஆண்டு நிறைந்தால் திவசம், பின்னர் அமாவாசைதோறும் எள்ளும் நீரும் என்று இந்துக்களுக்கும், கணவனை இழந்த பெண்ணுக்கு நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா என்று கீழக்கரை முஸ்லிம்களுக்கும் வகுக்கப்பட்டிருக்கும் கால அளவுகள், அழுகைக்கு இடம் தந்து, பிறகு எழுந்திருக்கவும் சொல்பவை. இராமேசுவரத்துக்கு வந்து அக்கினி தீர்த்தத்தில் மூழ்கித் தர்ப்பணம் செய்து, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாக இறைத்து ஊற்றும் நீரில் நனைந்துவரும் யாத்திரிகர், அந்த ஈரத்துணியோடு சந்நிதிக்குள் போக முடியாது. உலர்ந்த ஆடை மாற்றியே தரிசனத்துக்குச் செல்ல வேண்டும். ஈரத்திலேயே நிற்பதைச் சாஸ்திரம் கேட்கவில்லை. அதைக் கேட்பது அயல்வீடு.

அயல்வீடும் எல்லாரிடமும் ஒரே அளவில் கேட்பதில்லை. மனைவியை இழந்த ஆணுக்கு, "காபி போட்டுக் குடிக்கக்கூடத் தெரியாதவர், பாவம்" என்ற இரக்கத்தோடு மறுமணத்துக்குப் பெண் தேடிய அதே உறவினர், கணவனை இழந்த பெண்ணைப் பூவையும் குங்குமத்தையும் களைந்து மூலையில் அமர்த்தி, சுபகாரியங்களில் எதிரே வராமல் பார்த்துக்கொண்டனர். 1829-இல் வங்காளத்திலும் அதற்கடுத்த ஆண்டு சென்னை மாகாணத்திலும் சதி தடைசெய்யப்பட்டது. மறுமணத்துக்கு 1856-இல் சட்டம் இடம் தந்தது. 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் விதவைக்குச் சொத்தில் முழு உரிமை அளித்தது. இம்மூன்றினுள்ளும் பெண்ணின் தனிவாழ்வுக்கு மிகுந்த உபகாரம் செய்தது கடைசிச் சட்டமே என்பது நம் அபிப்பிராயம். இருக்க வீடில்லாதவருக்கு மனத்தைரியத்தைப் போதிப்பதால் பயன் இல்லை. கீழக்கரையில் மகளுக்கு வீடு கொடுத்து மணமுடிக்கும் வழக்கத்தால், கணவன் இறந்தாலும் பெண் தன் வீட்டிலேயே இருக்கிறாள்.

இனி, இக்கடற்கரையில் இந்த வினா எழுவதற்கே அவகாசம் இல்லாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாம்பன், சின்னப்பாலம் முதலிய ஊர்களில் பாசி எடுக்கும் பெண்கள், அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் வல்லமேறித் தீவுகளின் அருகே சென்று, சேலைமீது ஆண்களின் சட்டையை அணிந்து, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பாறையில் ஒட்டிய மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்தெடுத்துத் தோளில் தொங்கும் பையை நிரப்புகின்றனர். பாறை கிழிக்கும், சொறி மீன் பட்டால் உடல் தடிக்கும், தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்காவுக்குள் அடங்கிவிட்டபடியால் வனக்காவலரின் கெடுபிடியும் உண்டு. கடலுக்குப் போன கணவன் திரும்பாத வீட்டிலிருந்து இத்தொழிலுக்கு வரும் பெண்ணிடம் சுறுசுறுப்பான வாழ்வின் மேன்மையை யாரும் உபதேசிக்கத் தேவையில்லை. அதிலும் உடல் கிடைக்காமல் கணவன் காணாமற்போனவளின் நிலை மிகக் கொடியது. ஏழு ஆண்டுகள் செய்தி இல்லாதிருந்தாலன்றி இறந்ததாகச் சட்டம் அனுமானிப்பதில்லையாதலால், அதுவரை அவள் சுமங்கலியுமல்லள், விதவையுமல்லள். அவளுக்கு அறம் செய்ய விரும்புவோர் உதவித்தொகையையும் ஓய்வையும் அளிக்க வேண்டும்.

வசதி படைத்த முதியவரின் நிலை இதற்கு நேர்மாறானது. முன்பணம் கட்டினால் வீடும், மாதந்தோறும் செலுத்தினால் மூன்று வேளைச் சாப்பாடும், கூப்பிடு தூரத்தில் தாதியும் கிடைக்கும் ஓய்வுக் குடியிருப்புகள் கோயம்புத்தூர் வட்டாரத்தில் பெருகியிருக்கின்றன. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்க இராமநாதபுரத்துப் பெரிய வீட்டில் தனித்துவிடப்பட்டவர்கள் அவற்றை நாடுவதில் வியப்பில்லை. பெற்றோரைப் பேணாத பிள்ளைகளிடமிருந்து ஜீவனாம்சம் பெற 2007-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்திருப்பினும், தீர்ப்பாயத்தால் மாதத்தொகையை வாங்கித் தர முடியுமேயன்றிப் பேச்சுத்துணையை வாங்கித் தர முடியாது. ஆகவே அங்கே செல்பவர் குடும்பத்தைத் துறந்தவர் ஆகார். இறந்தவருக்குத் துரோகம் செய்தவரும் ஆகார். துணைக்குச் செலுத்த வேண்டிய கடன் நோயில் பணிவிடையாகவும், மரணத்தில் கர்மமாகவும், பின்னர் நினைவாகவும் செலுத்தப்படுகிறது; எஞ்சிய ஆயுளையும் அதற்கு வட்டியாகக் கட்டச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

ஆனால் அங்குள்ள வாழ்வையெல்லாம் மறுவாழ்வு என்று ஒப்புக்கொள்ளவும் மனம் இசையவில்லை. மணிக்கு ஒரு நிகழ்ச்சியாக அட்டவணையிட்டு முதியவரை மகிழ்விப்பது, குழந்தைக்குக் கிலுகிலுப்பை கொடுப்பதினும் பெரிதும் வேறானதன்று. துக்கத்தோடு சிலகாலம் தனித்திருக்க விரும்புபவரைக் கூட்டத்துக்கு இழுத்துவரும் உற்சாகம், அவரை மூலையில் அமர்த்திய பழைய நிர்ப்பந்தத்தின் தலைகீழ் வடிவம். மதில் கட்டி, வாசலில் காவல் வைத்து, ஊரிலிருந்து பிரித்து அமைத்த குடியிருப்பில் எவ்வளவு கேளிக்கை இருந்தாலும், வெளியே ஒருவருக்கும் அவர் தேவைப்படாதவராகவே இருக்கிறார். துணை போனபின் மனிதர் பெரிதும் இழப்பது, தம்மை எதிர்பார்த்திருக்கும் ஒருவர் உண்டு என்ற உணர்வையே. கணக்கு எழுதத் தெரிந்தவர் மீனவப் பெண்களின் சங்கத்துக்குக் கணக்கு எழுதலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர் தங்கச்சிமடத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லலாம். உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாமல் வட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்பவர்களுக்கு, அரசுப்பணியில் முப்பது ஆண்டுகள் கழித்தவரைவிடப் பெரிய உதவியாளர் யார்?

உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ துணையை இழந்தவர் ஒருவர் இருந்தால், கருமாதி முடிந்து சில வாரங்கள் சென்றபின் அவர் வீட்டுக்குப் போங்கள்; ஆறுதல் கூறுவதோடு நில்லாமல், அவரால் மட்டுமே செய்து தரக்கூடிய உதவி ஒன்றைக் கேளுங்கள்.