ஒருபோகமும் இருபோகமும்

ஒரே தெரு. ஒரே வாத்தியார். ஒரே பாடம். இருபது வருஷம் கழித்துப் பார்த்தால், ஒருத்தன் காரில் போகிறான், இன்னொருத்தன் அந்தக் கார் கிளப்பிய புழுதியைத் துடைத்துக்கொண்டு நிற்கிறான். ஏன் சார் இப்படி?

இந்தக் கேள்வி உங்கள் மனசிலும் என்றைக்காவது வந்திருக்கும். பழைய பள்ளிக்கூட நண்பன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய், வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது கண்டிப்பாக வந்திருக்கும்.

இரண்டு பையன்களைப் பற்றிச் சொல்கிறேன். இருவரும் திருச்சி சங்கிலியாண்டபுரத்துக்காரர்கள். இருவரும் சிறுவயதிலேயே யதார்த்தம் பொன்னுசாமி பிள்ளையின் மதுரை ஸ்ரீ பால கான சபாவில் சேர்ந்தார்கள். அந்தக் கால பாய்ஸ் கம்பெனி என்றால் சும்மா இல்லை. வீட்டை மறக்க வேண்டும். பாட்டு, வசனம், ஆட்டம் எல்லாம் தலைகீழாகச் சொல்ல வேண்டும். ஸ்திரீபார்ட் கொடுத்தால் சேலை கட்ட வேண்டும். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால், நேற்றுவரை கைதட்டல் வாங்கிய பையன் இன்றைக்கு மூலையில் உட்கார வேண்டும்.

ஒரு பையன் பெயர் கணேசன். இன்னொருவன் ராதாகிருஷ்ணன்.

1949-ல் வந்த ‘மங்கையர்க்கரசி’யில் ராதாகிருஷ்ணனுக்கு ஒரு வெகுளிப் பாத்திரம். வேலைக்காக யாரையாவது காக்கா பிடிக்கச் சொன்னால், நிஜக் காக்காயையே பிடிக்கக் கிளம்பிவிடுகிற அப்பாவி. தியேட்டர் குலுங்கியது. அன்றிலிருந்து அவர் ‘காக்கா’ ராதாகிருஷ்ணன். காக்கா பிடிக்கத் தெரியாதவனாக நடித்ததற்காக ஒரு மனிதருக்கு ஆயுசுக்கும் காக்கா என்று பெயர்!

மூன்று வருஷம் கழித்து, 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’. கணேசனைச் சிவாஜி கணேசனாக ஊர் முழுக்கத் தெரிந்துகொண்டது. அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். 1960-ல் கெய்ரோ விழாவில் சிறந்த நடிகர். பிறகு செவாலியே, தாதாசாகேப் பால்கே. 1954-ல் ‘மனோகரா’ வந்தபோது சிவாஜி வீர இளவரசன் மனோகரன். காக்கா ராதாகிருஷ்ணன், வசந்தசேனையின் அசட்டுப் பிள்ளை வசந்தன். ஒரே கம்பெனிப் பையன்கள், ஒரே படம். ஒருவருக்குச் சிங்க கர்ஜனை, இன்னொருவருக்குச் சிரிப்பு.

இதற்கு நாம் வழக்கமாக இரண்டு பதில் வைத்திருக்கிறோம். ஒன்று, ‘அவன் திறமைசாலி, மேலே போனான்.’ இன்னொன்று, ‘எல்லாம் தலையெழுத்து.’ இரண்டுமே சோம்பேறிப் பதில்கள். முதல் பதில், தோற்றவனைப் பார்த்து ‘உனக்கு ஒன்றும் தெரியாது’ என்கிறது. இரண்டாவது பதில், ஜெயித்தவன் சிந்திய வியர்வையை அழித்துவிடுகிறது.

மேலூர்க்காரர்களைக் கேட்டால் வேறு பதில் கிடைக்கும். 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீர்தான் பெரியாறு பிரதானக் கால்வாய் வழியாக இந்தப் பக்கத்துக்கு வருகிறது. கள்ளந்திரி வரைக்கும் இருபோகம். அதைத் தாண்டி மேலூர்ப் பக்கம் ஒருபோகம். அணை ஒன்று, கால்வாய் ஒன்று, போடுகிற நெல்லும் ஒன்று. ஆனால் ஒருத்தர் வருஷத்துக்கு இரண்டு தடவை அறுக்கிறார், இன்னொருத்தர் ஒரு தடவை. அதற்காக ‘ஒருபோகக்காரனுக்கு உழத் தெரியாது’ என்று மேலூர் பஸ் ஸ்டாண்டில் நின்று சொல்லிப் பாருங்கள். முழுசாக ஊர் திரும்ப மாட்டீர்கள். அதே சமயம், இருபோகக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவருக்கு ஒருபோகம்கூட மிஞ்சாது. உழைப்பும் வேண்டும், மடையும் திறக்க வேண்டும்.

சிவாஜிக்கு மடை திறந்துவிட்டவர் பி.ஏ.பெருமாள். ‘பராசக்தி’யை அவரோடு கூட்டாகத் தயாரித்த ஏவி. மெய்யப்பனுக்கு ஆரம்பத்தில் இந்தப் புதுப் பையன் மேல் நம்பிக்கை இல்லை. வேறு நடிகரைப் போடலாம் என்று பேச்சு. பெருமாள் பிடிவாதமாக நின்றார். அவர் அன்றைக்குக் கொஞ்சம் வளைந்து கொடுத்திருந்தால்? நடிப்பு அப்படியே இருந்திருக்கும். நமக்குத் தெரியாமல் போயிருக்கும்.

இதைச் சிவாஜி மறக்கவில்லை என்பதுதான் முக்கியம். ஒவ்வொரு பொங்கலுக்கும் வேலூருக்குப் பெருமாள் வீடு தேடிப் போய் மரியாதை செய்துவிட்டு வருவதை வழக்கமாக வைத்திருந்தார். ‘நான் மட்டும் வரவில்லை, என்னைக் கொண்டுவந்து விட்டவர் ஒருவர் இருக்கிறார்’ என்று வருஷா வருஷம் தனக்கே சொல்லிக்கொள்வது எத்தனை பேருக்கு வரும்?

நான் பி.காம். படித்தவன். ஐந்தொகையில் இடப்பக்கம் பொறுப்புகள், வலப்பக்கம் சொத்துகள். மேலே போனவர்கள் பலர் வலப்பக்கத்தை மட்டும்தான் படிக்கிறார்கள். யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறோம் என்கிற இடப்பக்கத்தைத் திருப்புவதே இல்லை. பெருமாள் வீட்டு வாசலில் சிவாஜி செய்தது, அந்த இடப்பக்கத்தை வாசித்ததுதான்.

சரி, ஒருபோகக்காரர் என்ன செய்வது? ‘கிடைத்ததில் திருப்தியாக இரு’ என்று உபதேசம் பண்ண எனக்கு விருப்பமில்லை. அந்த உபதேசம் பெரும்பாலும் வயிறு நிறைந்தவன் வாயிலிருந்துதான் வருகிறது. மேலூர்க்காரர் தண்ணீருக்காக மறியல் செய்கிறார். செய்யத்தான் வேண்டும், அது நியாயம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மறியல் முடிந்ததும் நேராக வயலுக்குப் போய்விடுகிறார். மேல்மடைக்காரனைத் திட்டிக்கொண்டே இருந்தால் தன் வரப்பில் ஈரம் ஏறாது என்பது அவருக்குத் தெரியும்.

‘பராசக்தி’ வந்து சரியாக நாற்பது வருஷம் கழித்து, 1992 தீபாவளிக்கு ‘தேவர் மகன்’ வந்தது. பெரிய தேவராகச் சிவாஜி. பகை பிடித்த தம்பி சின்னத் தேவராகக் காக்கா ராதாகிருஷ்ணன். பொன்னுசாமி பிள்ளையிடம் பாடம் படித்த இரண்டு பையன்கள், அறுபதைத் தாண்டிய வயதில், எதிரெதிர் வீட்டுத் தலைவர்கள். சிவாஜிக்கு முன்னால் நடிக்க எத்தனையோ பேர் தடுமாறியிருக்கிறார்கள். காக்கா தடுமாறவில்லை. காட்சிகள் குறைவுதான். ஆனால் அந்த முகத்தை மறக்க முடியுமா உங்களால்? நடுவில் போன நாற்பது வருஷமும் அவர் வயலைத் தரிசாகப் போடவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

2001-ல் சிவாஜி மறைந்தார். 2004-ல் ‘வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.’ படத்தில் கேரம் ஆடும் தாத்தாவாக வந்து, பேரன் பேத்திகளையும் கைதட்ட வைத்தார் காக்கா. 2012-ல் அவரும் போய்ச் சேர்ந்தார்.

யார் ஜெயித்தவர் என்று கேட்காதீர்கள். அந்தக் கணக்கு நமக்குத் தேவையில்லை. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நீங்கள் மேல்மடை என்றால், மடை திறந்துவிட்டவரைக் கடைசியாக எப்போது போய்ப் பார்த்தீர்கள்? கடைமடை என்றால், இந்த வருஷம் உழுதீர்களா?