பின்னணியும் மனிதனும்

அம்பர்நாத்தின் சிவாலயம் கல்வெட்டின்படி 1060-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அந்நகரில் இன்று தொழிற்சாலைகளும் நெருக்கமான குடியிருப்புகளும் நிறைந்துள்ளன. அவை தெரியாதபடி கோணம் பார்த்து ஒருவர் படம் எடுத்தால், அமைதியான பழங்காலக் கிராமம் ஒன்று கிடைத்துவிடும். அதில் பொய்யான பொருள் எதுவும் இல்லை. ஆயினும் அது உண்மையா?

இக்கேள்வி புதிதன்று. பம்பாயில் வாழ்ந்த வில்லியம் ஜான்சன், அங்குள்ள பல சமூகத்தாரைப் படம்பிடித்து 1863, 1866 ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளியிட்டார். பல படங்களில், ஓரிடத்தில் எடுத்த மனிதர்களை வேறிடத்தில் எடுத்த நிலக்காட்சியோடு இணைத்து அச்சிட்டார். அதே காலத்து இங்கிலாந்தில் ஹென்றி பீச் ராபின்சன், மாதிரிப் பெண்களுக்குக் கிராமத்து உடை அணிவித்துக் கிராம வாழ்வைச் சித்திரித்தார்.

ஜான்சனின் படத்தில் மனிதன் மெய், காட்சியும் மெய், இணைப்பு மட்டுமே கற்பனை. கயிற்றில் பாம்பைக் காண்பவனின் நிலையும் இதுவே. கயிறு மெய், முன்பு எங்கோ கண்ட பாம்பும் மெய். ஒன்றன்மீது மற்றொன்றை ஏற்றியதே மயக்கம்.

நிழற்படக்காரர் மட்டுமா இதைச் செய்கிறார்? கிராமத்தான், ஏழை, படிக்காதவன் என்னும் பின்னணிகளை மனம் முன்பே தயாராக வைத்திருக்கிறது. எதிரில் வருபவரை அவற்றுள் ஒன்றில் நிறுத்திவிடுகிறது. அப்படி நிறுத்தப்பட்டவரிடம் எவரும் எதையும் கேட்பதில்லை. ஏற்றியதை விலக்குவது தத்துவப் பயிற்சி மட்டுமன்று. எதிரில் நிற்பவருக்குச் செலுத்த வேண்டிய கடனும் ஆகும். அக்கடன், அவர் பேசும்போது செவிகொடுப்பதில் தொடங்குகிறது.