காக்கை வளர்க்கும் பிள்ளை

சித்திரைப் புத்தாண்டு நெருங்கினால் கொத்மலைப் பக்கம் குயில் கூவத் தொடங்கிவிடும். பலகாரம் சுடும் வாசத்தோடு அந்தக் குரலும் லயத்துக்கு வரும். கூடே கட்டாத பறவை அது. சில நேரம் கரிய ஆண் குயில் காகத்தின் முன்னால் போய் நின்று, தன்னைத் துரத்த வைக்கும். அந்தச் சந்தில் புள்ளி போட்ட பெட்டை, அண்டங்காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிடும். அது பொரிய 12 முதல் 14 நாள் போதும். காக்கை முட்டைக்கு இன்னும் சில நாள் வேண்டும். முந்திப் பிறந்தது தீனிக்கும் முந்திக்கொள்ளும். ஆனாலும், ஐரோப்பியக் குயில் குஞ்சைப் போல மற்ற முட்டைகளை வெளியே தள்ளும் வழக்கம் இதற்குப் பொதுவாக இல்லை. காக்கைக் கூடு அதற்குப் பிள்ளைக் காம்பரா. கொழுந்து நிறுத்துவிட்டுக் கூட்டிப்போக அம்மாதான் வரமாட்டாள். வளர்ந்த குயிலைக் கண்டால் விரட்டி விரட்டிக் கொத்தும் காகம், பறக்கப் பழகிய குயில் குஞ்சுக்கு மேலும் சில வாரம் ஊட்டுகிறது.