பழைய காரும் பிறர் உயிரும்

என்னிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. 1951ஆம் ஆண்டு மாரிஸ் மைனர். திரும்பும்போது அதன் பக்கத்திலிருந்து சின்னஞ்சிறு கை ஒன்று விளக்கோடு எழுந்து நீளும். தெருவில் போனால் சிறுவர்கள் கைதட்டுகிறார்கள். முதியவர்கள் நின்று பார்க்கிறார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அதை மறைப்பானேன்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தாம்பரத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தேன். முன்னால் சென்ற பேருந்து சட்டென்று நின்றது. அதன் பின்னால் போன ஸ்கூட்டரும் நின்றது. நான் பிரேக்கை மிதித்தேன், மிதித்துக்கொண்டே இருந்தேன். ஸ்கூட்டருக்கும் எனக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கும்போது என் கார் நின்றது. ஸ்கூட்டரில் தாயின் தோளில் சாய்ந்திருந்த குழந்தை, என் காரைப் பார்த்துச் சிரித்தது. எத்தனையோ பேர் இந்தக் காரைப் பாராட்டியிருக்கிறார்கள். எந்தப் பாராட்டும் என்னை அப்படிச் சுட்டதில்லை.

மறுநாள் பட்டறையில் மெக்கானிக் நான்கு சக்கரங்களையும் கழற்றிப் பார்த்தார்.

"பிரேக்குல குறை ஒண்ணும் இல்லீங்க ஐயா. அந்தக் காலத்துல எப்படி நின்னுதோ அப்படியேதான் நிக்குது. இப்ப முன்னால போறவங்கதான் டக்குனு நிக்கிறாங்க" என்றார்.

உண்மைதான். இன்றைய கார்களில் மிதிக்கும் காலுக்குக் கருவியின் துணை உண்டு. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காக்க இன்னொரு கருவி உண்டு. என் காரில் காலின் வலிமை ஒன்றே துணை. ஆகவே குறை வண்டியில் இல்லை. அதன் வயதை மறந்து ஓட்டிய என்னிடம்தான் இருந்தது.

அப்படியானால் கொட்டகையில் பூட்டி வைத்துவிடலாமே? அதுவும் எளிதன்று. ஓடாத வண்டியில் பெட்ரோல் கெட்டுப் பிசினாகிறது. பாட்டரி செத்துப் போகிறது. பிரேக் துருவேறி இறுகுகிறது. ஓடினால்தான் அது உயிரோடிருக்கும்.

ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைத் தனியாகப் பதிவு செய்ய மத்திய அரசு 2021இல் விதி வகுத்தது. அப்படிப் பதிவானவற்றைக் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் பழுது பார்க்கவும் ஓட்டலாம்; அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக்கூடாது. 'என் காரை நான் ஓட்ட இவர்கள் யார்?' என்று அன்று எரிச்சல்பட்டேன். இன்று அப்படிக் கேட்க வாய் வரவில்லை. கார் என்னுடையது, ஆசை என்னுடையது. ஆபத்து மட்டும் அந்தக் குழந்தைக்கும் உரியதாகிவிட்டதே! அதன் சம்மதத்தை நான் கேட்டேனா?

பாட்டனார் வெட்டிய கிணற்றைத் தூர்க்க மனம் வராது. தூர்க்கவும் வேண்டாம். ஆனால் அதற்குக் கைப்பிடிச் சுவர் கட்டவேண்டியவன், கிணற்றுக்கு உரியவனே அல்லவா?

இப்போது விடியற்காலையில்தான் காரை எடுக்கிறேன். முன்னால் நிறைய இடைவெளி விட்டுப் போகிறேன். அதுதான் நான் கட்டிய கைப்பிடிச் சுவர். யாராவது அந்த இடைவெளியில் வந்து புகுந்துகொள்கிறார்கள். முன்பெல்லாம் கோபம் வரும். இப்போது வேகத்தைக் குறைத்து, மறுபடியும் இடைவெளி விடுகிறேன். பழமையை நேசிப்பவன் நான். அதற்குரிய விலையையும் நான்தான் தரவேண்டும்.